தோளுக்கேற்ற துப்பாக்கி

சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஈஸ்வரமூர்த்திக்குத் தோன்றியபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. மகள் தாரணி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டில் மூன்று வருடம் பயிற்சி எடுத்தவள் தாரணி. பத்தொன்பதாம் வயதில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். அவளுடைய துப்பாக்கி வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அவளுக்கு அப்போது வயது வராததால் உரிமம் அப்பா பேரிலேயே இருந்தது. ஆனால் அப்பா ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போகாமல் காரை மலையடிவாரத்துக்கு விட்டார். சீமைக்கருவேல முள் சூழ்ந்த பொட்டல் மைதானம். தரையெங்கும் உடைந்த தட்டுகளின் ஆரஞ்சு நிறச் சில்லுகள்.

அங்கிருந்த துப்பாக்கி சுடும் மன்றத்தில் பயிற்சி கொடுப்பவர் தமயந்தி. தாரணிக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தவர். ஈஸ்வரமூர்த்தியைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் நாட்டுக்காகச் சுட்டவர். பெரியவர் சிறியவர் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"வாங்க சார்" என்று எழுந்தார் மாஸ்டர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்குச் சுடச் சொல்லித் தர்றீங்களா, மாஸ்டர்?"

"எதுக்குங்க சார்?"

ஈஸ்வரமூர்த்தி மைதானத்தைப் பார்த்தார்.

"அவ நின்ன எடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும். சும்மா நின்னா பைத்தியம்பாங்க."

மாஸ்டர் தலையசைத்தார்.

"அப்ப ஒரு துப்பாக்கி பாத்துச் சொல்லுங்க. எது நல்ல துப்பாக்கியோ அதையே வாங்கிடறேன்."

"நல்ல துப்பாக்கின்னு தனியா ஒண்ணு இல்லீங்க. ஆளுக்கு ஆள் மாறும்."

"தாரணியோடது வீட்டுல இருக்குதுங்க. ஆனா அது எனக்கு எப்படி ஆகும்? அவ ஒல்லிப் பிள்ளை. அவளுக்குன்னு எடுத்தது."

மாஸ்டர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"அதை விட்ருங்க சார். வேற பாப்போம்."

அவர் உள்ளே போய் மன்றத்துக்குச் சொந்தமான மூன்று துப்பாக்கிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் மடித்துத் திறந்து, குழல்கள் காலி என்று காட்டிய பிறகே மேஜைமேல் வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. மூடிக்கிட்டே தூக்கித் தோள்ல வைங்க. கன்னத்தைப் பின்னால இருக்கற மரக்கட்டைமேல சாய்ங்க. இப்பத் திறங்க. என்ன தெரியுது?"

"கட்டை சட்டையில சிக்கிக்கிச்சுங்க."

"நீளம் அதிகம். அடுத்தது."

இரண்டாவது துப்பாக்கி பழையது. கட்டையின் பளபளப்பெல்லாம் போயிருந்தது. அதைத் தோளில் வைத்ததும் அவருடைய கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

"இது பொம்மைத் துப்பாக்கியாட்டம் இருக்குதுங்களே!"

"உங்களுக்குக் குட்டை" என்று மாஸ்டர் அதைச் சட்டென்று வாங்கி வைத்துவிட்டார்.

மூன்றாவது தோளில் உட்கார்ந்தது. ஆனால் கண்ணைத் திறந்தபோது குறி பார்ப்பதற்காகக் குழல் முனையில் வைத்திருந்த சின்ன மணி இடது பக்கம் தள்ளித் தெரிந்தது.

"தலையை லேசாச் சாய்ச்சா நேராயிடுதுங்க."

"சாய்க்கக் கூடாது. நீங்க போய் அதுக்குப் பொருந்தக் கூடாது. அது உங்களுக்குப் பொருந்தணும். கண்ணைத் திறக்கறப்ப மணி தானா நடுவுல இருக்கணும்."

"பொருந்தாததுல சுட்டா என்னாகும்?"

"சுடலாம். தோள் கன்னிப்போகும், கன்னத்துல அடிக்கும். தட்டு தப்பிட்டே இருக்கும். சுடறவங்க அதைத் தங்களோட தப்புன்னு நெனைச்சுக்குவாங்க."

அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் அவர் வந்தார். மாஸ்டர் வேறு ஊர் மன்றங்களிலிருந்தும் துப்பாக்கிகளை இரவல் வாங்கி வைத்தார். கண்ணை மூடுவது, தூக்குவது, சாய்வது, திறப்பது. மற்றவர்கள் சுட்டு முடித்த பிறகு, மூன்றாவது மேடையில், தாரணி வழக்கமாக முதலில் ஏறும் இடத்தில், அவரை நிற்கவைத்துச் சில தோட்டாக்கள் சுடவும் விட்டார். தட்டு ஒன்றுகூட உடையவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். வீட்டில் அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. துவைக்கிற சட்டையில் வெடிமருந்து வாசம் வந்தபோது மட்டும் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வாரம் ஈஸ்வரமூர்த்தி ஒரு நீளப் பெட்டியோடு வந்தார்.

பெட்டியைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்து வந்தார்.

"எதுக்குங்க இதை எடுத்துட்டு வந்தீங்க?"

"ஒரு யோசனை மாஸ்டர். கட்டை குட்டையா இருந்தா ஒட்டுப் போட்டு நீளமாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இதையே எனக்குத் தக்க மாத்திக் குடுத்திருங்க. அவ கைபட்டது. புதுசு எதுக்கு?"

"வேண்டாங்க சார்."

"எத்தனை குட்டைன்னு மட்டும் பாத்துக்கறேன்."

"சார், சொன்னாக் கேளுங்க. ரெண்டு நாள்ல வேற ஒண்ணு வருது."

ஆனால் அவர் அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டார். குழலையும் கட்டையையும் பூட்டினார். காலி என்று காட்டினார். கண்ணை மூடினார். தூக்கினார்.

அது எங்கும் சிக்கவில்லை. தோள் குழியில் தானாகப் போய் உட்கார்ந்தது. கன்னம் சாய்ந்த இடத்தில் கட்டை இருந்தது. கண்ணைத் திறந்தார். மணி நட்ட நடுவில் நின்றது.

இறக்கினார். மறுபடியும் கண்ணை மூடித் தூக்கினார். நடுவில். மூன்றாவது தடவையும் நடுவில்.

"மாஸ்டர், இந்தக் கட்டையை யாராச்சும் மாத்தினாங்களா?"

"இல்லீங்க."

"தாரணி கடைசியா எப்பவாச்சும்..."

"இல்லீங்க சார். நீங்க வாங்கிட்டு வந்தப்ப எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்குது."

ஈஸ்வரமூர்த்தி மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவள் பதினாறாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் அவர் மட்டும் தனியாகச் சென்னைக்குப் போயிருந்தார். அவளுக்குப் பரீட்சை. சொல்லாமல் வாங்கிக் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் ஐந்து துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாக அவரே தோளில் வைத்துப் பார்த்தார். ஐந்தாவதை வைத்தபோது, "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார் கடைக்காரர். அதைக் கேட்க அவருக்குப் பெருமையாக இருந்தது. விலையைக்கூடப் பேரம் பேசவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் தாரணி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அவளுக்கு இது எத்தனை நீளம் அதிகம்?"

"ரெண்டு விரக்கடைங்க. எடையும் அதிகம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"மொத மாசமே அவகிட்டச் சொன்னேன். கட்டையை அறுத்து அளவாக்கித் தர்றேன்னேன். துப்பாக்கியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அப்பா எடுத்துக் குடுத்தது, ரம்பம் வைக்க விடமாட்டேன்னுட்டா. சரி, உங்க அப்பாகிட்டப் பேசறேன்னேன். பேசினா நாளையிலிருந்து வரமாட்டேன்னா." மாஸ்டர் குரல் தாழ்ந்தது. "அவளை மீறி நான் சொல்லியிருக்கணுங்க. சொல்லலை. அது என் தப்பு."

"அப்புறம் எப்படிச் சுட்டா?"

மாஸ்டர் சுவரில் சாய்த்திருந்த பழைய துப்பாக்கியைக் காட்டினார். முதல் நாள் ஈஸ்வரமூர்த்தி தோளில் வைத்தபோது குட்டையாக இருந்தது.

"அதுலதாங்க. காலேஜ் விட்டு வந்தா அதைத்தான் எடுப்பா. இருபத்தஞ்சு தட்டுல இருபத்திரெண்டு, இருபத்திமூணு உடைப்பா. ஒருக்கா இருபத்தஞ்சும் உடைச்சா. அன்னிக்கு இங்க எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தா."

"எனக்குத் தெரியாதுங்களே."

"நீங்க ஞாயித்துக்கெழமைதானே வருவீங்க."

கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்குத்தான் அவர் மகளோடு வருவார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கையில் அவர் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி இருக்கும். இருபத்தைந்து தட்டில் பதினான்கு உடையும். பதினைந்து. ஒரு ஞாயிறு பதினொன்று. திரும்பும்போது காரில் அவர் பேசிக்கொண்டே வருவார். "என்ன அம்மிணி, நான் வர்ற அன்னிக்கு மட்டும் கை வராதா? கவனம் வேணும் கண்ணு. கவனமே இல்ல உனக்கு." அவள் சிரிப்பாள். "அடுத்த வாரம் பாருங்கப்பா" என்பாள். ஒரு முறை அவள் கன்னம் வீங்கியிருந்தது. கேட்டதற்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது என்றாள். அவர் நம்பினார்.

ஈஸ்வரமூர்த்தி பெஞ்சிலிருந்து எழுந்து சுவரோரம் போனார். பழைய துப்பாக்கியை எடுத்துத் திறந்தார்.

"ஒரு தோட்டா குடுங்க."

"அது உங்களுக்கு ஆகாதுங்க சார்."

"ஆகாதுங்கறதுனாலதான் கேக்கறேன்."

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுத்தார்.

ஈஸ்வரமூர்த்தி மேடையேறினார். தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்தார். இயந்திரம் இருந்த பள்ளத்திலிருந்து தட்டு சீறிக் கிளம்பியது. சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் அவர் விரல்முட்டி மூக்கில் அறைந்தது. தட்டு உடையாமல் மலைப்பக்கம் போய் முள்ளுக்குள் விழுந்தது.

மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மீசையில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கையை நீட்டினார்.

"இன்னொண்ணு."

மாஸ்டர் மேடைக்கு வந்தார். துப்பாக்கியை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துத் திறந்து, வெற்றுத் தோட்டாவை உருவிக் கீழே போட்டார். தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"உக்காருங்க சார்."

அவர் மேடையின் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பக்கத்து மேடையில் சுட வந்தவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்கள்.

"அந்தப் பழசுலயே ஞாயித்துக்கெழமையும் சுட்டிருக்கலாமே, மாஸ்டர்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "இருபத்திமூணு. ஒருக்காவாச்சும் நான் பாத்திருப்பேனே. என் வாயால நல்லாச் சுட்டே கண்ணுன்னு சொல்லியிருப்பேனே. எதுக்கு அவ எம்முன்னால வந்து அப்படித் தோக்கணும்? எதுக்கு எங்கிட்டப் பேச்சு வாங்கணும்?"

"நானும் அதைத்தாங்க ஒருக்கா அவகிட்டக் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்னா?"

மாஸ்டர் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மத்த நாளெல்லாம் நான் சுட வர்றேன் மாஸ்டர், ஞாயித்துக்கெழமை எங்கப்பாகூட வர்றேன்னா."