சேஃப்டிக்கு ஒன்று

சோலைமலைக்குக் கோடம்பாக்கத்தில் இரண்டு வாழ்க்கை.

முதல் வாழ்க்கையில் அவர் இயக்குநர். தியேட்டரிலிருந்து ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்படியான படங்களை எடுத்தார். பிறகு ஊர் வேறு எதற்கோ அழப் போய்விட்டது. அவர் வீட்டு வாசலில் கார்கள் நிற்பதும் நின்றுபோயிற்று. வெகுகாலம் கழித்து ஒரு நீதிபதி வேடத்துக்கு யாரோ கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். அந்த முகம் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. அன்றுமுதல் கதாநாயகர்களுக்கெல்லாம் அவர்தான் அப்பா.

அறவாழி அவருடைய முதல் வாழ்க்கையில் உதவி இயக்குநராக இருந்தவன். அவரிடம் திட்டு வாங்கியே தொழில் கற்றவன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு ஒரு படம் கிடைத்தது. அது வந்த சுவடு தெரியாமல் போனது. இது இரண்டாவது. இதுவும் போனால் மூன்றாவது கிடையாது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படத்தில் அப்பா வேடத்துக்கு அவன் சோலைமலையைத்தான் கேட்டான். அவரும் மறுபேச்சில்லாமல் வந்தார்.

வந்த அன்றைக்கே தொல்லை ஆரம்பித்தது. குரு நிற்கும்போது சீடன் உட்காருவதில்லை. இயக்குநர் உட்காராததால் கேமராமேனும் உட்காரவில்லை. யூனிட் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"டைரக்டர் சார், உட்காருங்க" என்றார் சோலைமலை.

"ஐயோ, நீங்க என்னைப் போய் சார்னு..."

"வேலை நேரத்துல வேற எப்படிக் கூப்பிடறது?"

அன்று எடுக்கவேண்டியது படத்தின் உயிரான காட்சி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பழுதான மேஜை விசிறியைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகன் பெட்டியோடு வந்து, போகிறேன் என்கிறான். இனி வரமாட்டான். அப்பாவுக்கு ஒரே வசனம்: "பார்த்துப் போ." வாடகைக்கு எடுத்த அந்த வீட்டை மாலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

முதல் டேக்கில் சோலைமலை திருப்புளியைக் கீழே வைத்தார். மகனை ஏறிட்டுப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. "பார்த்துப் போ" என்றபோது குரல் உடைந்தது.

யாரோ கைதட்டினார்கள். இது அறவாழி எழுதிய அப்பா இல்லை.

"ஓகே சார். பிரமாதம்" என்றான். "சேஃப்டிக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்."

இரண்டாவது டேக்கில் கூடுதலாகவே அழுதார்.

"பிரமாதம் சார். சேஃப்டிக்கு இன்னும் ஒண்ணு... அதுக்கு முன்னால மானிட்டர்ல ஒரு தடவை பாத்துடறீங்களா?"

"பாக்கறது உங்க வேலை, டைரக்டர் சார். நான் நடிக்க வந்தவன்."

மூன்றாவதிலும் அதே அழுகை. அறவாழி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான். துவைகல் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"என்னடா?" என்றார் அவர். தனியாக இருக்கும்போது அவன் 'டா'தான்.

"சார், சொல்லிக்கொடுத்தவருக்கு ஒருத்தன் எப்படி சார் திருத்தம் சொல்லுவான்?"

"வா, வெளிச்சம் போகுது" என்று சோலைமலை உள்ளே நடந்தார்.

நான்காவது டேக்கில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மகனாக நடித்த பையன் கழற்றி வைத்திருந்த கண்ணாடி அது. அதோடேயே விசிறியைத் திருகினார். அதோடேயே அழுதார்.

உதவி இயக்குநர் ஒருத்தி, "சார், கண்ணாடி..." என்று இழுத்தாள்.

"ஓகே" என்றான் அறவாழி. "நல்லா இருக்கு சார். வித்தியாசமா இருக்கு. சேஃப்டிக்கு ஒண்ணு."

லைட்மேன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஐந்தாவது டேக். மகன் பெட்டியோடு வந்தான். போகிறேன் அப்பா என்றான். சோலைமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்புளியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

"குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டதால், இந்த நீதிமன்றம் உனக்கு ஆயுள்தண்டனை விதிக்கிறது."

வீடே வெடித்துச் சிரித்தது. மகன் பெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சோலைமலை மட்டும் சிரிக்காமல் கேமராவுக்குப் பின்னால் பார்த்தார். அவர் காத்திருந்தார்.

"கட்!" என்றான் அறவாழி.

அந்தக் குரலில் சிரிப்பு அடங்கியது.

"தப்பு சார்."

"எது? தண்டனை ஜாஸ்தியா?"

"அழுகை. முதல் டேக்லேருந்தே தப்பு."

நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து அறவாழி சொல்லிக்கொண்டே போனான்.

"அவர் அழமாட்டார் சார். பையன் மூஞ்சியைப் பாக்கவே மாட்டார். திருப்புளியைக் கீழ வைக்கமாட்டார். 'பார்த்துப் போ'ங்கறது விசிறிகிட்ட சொல்ற மாதிரி இருக்கும். அவன் போனப்புறம் ஸ்விட்சைப் போட்டுப் பாப்பார். ஓடும். அவ்வளவுதான்."

சோலைமலை கேட்டுக்கொண்டார். திருப்புளியை ஒருதரம் உள்ளங்கையில் புரட்டினார்.

"திருகறது இந்தக் கையாலயா, அந்தக் கையாலயா?"

"இடது கையில விசிறி. வலது கையில திருப்புளி."

"சரிங்க, டைரக்டர் சார்."

அடுத்த டேக்கில் மகன் போய்விட்டான். வாசல் வெறுமையாக இருந்தது. விசிறி ஓடியது. அதன் காற்று அவருடைய நரைத்த தலைமுடியை ஒருபக்கமாகக் கலைத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அறவாழி கட் சொல்ல மறந்தான். தான் எப்போது நாற்காலியில் உட்கார்ந்தோம் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

ஜாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவன் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தான்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே சார் வேணும்னே தப்பாப் பண்ணீங்க?"

"கண்ணாடியும் தீர்ப்பும் வேணும்னு பண்ணினது."

"அழுகை?"

"அது நல்லா இருக்குன்னு நினைச்சுத்தான்டா அழுதேன்."

அறவாழி திகைத்தான். "அப்போ ஒரே ஒரு தடவை மானிட்டர்ல பாத்திருக்கலாமே சார். உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

சோலைமலை காபியை ஆற்றினார்.

"பாத்திருந்தா ஓகே சொல்லியிருப்பேன். என் படத்துல அப்பன்னா அழுவான். உன் படத்து அப்பன் யாருன்னு நீ சொன்னாத்தானேடா எனக்குத் தெரியும்?"