வீடு சொன்னவன்

வடமலைப் பனி இப்போது இருப்பதைவிட ஒரு பனை உயரம் கூடுதலாகக் கிடந்த காலம் அது. அந்தக் காலத்தில், தெற்கே கடலோர ஊர் ஒன்றில் அந்துவன் என்றொரு மிளகு வியாபாரி இருந்தான். நல்லவன்தான், ஆனால் கோபக்காரன். மிளகோடு பழகினவனுக்குக் காரம் கொஞ்சம் கூடத்தானே இருக்கும்?

மலைக்கு அப்பால் குளிர்நாட்டில் மிளகுக்கு நல்ல கிராக்கி. நடுவிலே பனிக் கணவாய். அதைத் தாண்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனியாக யாரும் போகக் கூடாது. வேற்றூர்க்காரன் ஒருவனோடு ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கிற நாளெல்லாம் ஒருவனுக்கு ஒருவன் தன் வீட்டைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாசல் எந்தப் பக்கம், கொல்லையில் என்ன மரம், யார் காத்திருக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அதற்கு 'வீடு சொல்லுவது' என்று பெயர். ஒருவன் பனியில் போய்விட்டால், மற்றவன் அந்த வீட்டைத் தேடிப்போய்ச் சேதி சொல்ல வேண்டுமே, அதற்காக.

அந்துவனோடு கயிறு கட்டியவன் கொற்றன் என்கிற துணி வியாபாரி. ஒன்பது நாள் நடந்தார்கள். ஒன்பது நாளும் அந்துவன் தன் மனைவி நல்லினியைச் சொன்னான், மகள் சிறுமணியைச் சொன்னான், மழை நாளில் முற்றம் மணப்பதைச் சொன்னான்.

"போதும்யா! உன் வீட்டுப் பூனை எத்தன குட்டி போட்டுச்சுன்னுகூட எனக்கு மனப்பாடம்" என்று கொற்றன் சிரிப்பான்.

பத்தாம் நாள் உச்சிப்பொழுதில் பனிப்புயல் அடித்தது. கால் வைத்த இடம் பிளந்தது. அந்துவன் பிளவுக்குள் சரிந்து கயிற்றில் தொங்கினான். குளிருக்காக இருவரும் கொண்டுவந்த ஒரே தீச்சட்டி அவன் கையில்தான் இருந்தது.

"கொற்றா, மொதல்ல நெருப்பப் புடி! அது அணைஞ்சா ரெண்டு பேருக்கும் சாவுதான்!"

கொற்றன் சட்டியை வாங்கி வைத்தான். ஒரு தரம் இழுத்தான். இரண்டு தரம் இழுத்தான். மூன்றாம் தரம் அவன் காலே வழுக்கியது. பயம் வந்துவிட்டது. இடுப்புக் கத்தியை உருவிக் கயிற்றை அறுத்துவிட்டான்.

விழுந்த அந்துவன் சாகவில்லை. அடியில் கிடந்த புதுப்பனி அவனைத் தாங்கிக்கொண்டது. தொண்டை கிழியக் கத்தினான். மேலே ஆள் இல்லை. குளிர் விரலிலிருந்து நெஞ்சுக்கு ஏறத் தொடங்கியது.

அப்போது அவன் முன்னால் பனியணங்கு வந்து நின்றாள். அவளும் ஒரு காலத்தில் கயிறு அறுபட்டு அங்கே விழுந்தவள்தான். அவள் வீட்டுக்குச் சேதி சொல்ல யாரும் போகவில்லை.

"உன் கோபத்தை நெருப்பாக்கித் தருகிறேன். அறுத்தவனைத் தேடிப் போ" என்றாள். "பதிலுக்கு உன் வீட்டில் கொஞ்சம் கொடு. என் வீடு எனக்கு மறந்து வெகுகாலம் ஆகிறது."

"வீட்டுல என்ன வேணும்?"

"மழையில் உன் முற்றம் மணக்குமே, அந்த நினைவு."

உயிர் இருந்தால் முற்றம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்து, எடுத்துக்கொள் என்றான். நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. பனிச்சுவரைப் பற்றி ஏறி மேலே வந்தான். மழையில் முற்றம் மணப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் நடந்தான். கால் ஓய்ந்தது. அணங்கு மறுபடி வந்தாள்.

"ஓயாத கால் தருகிறேன். உன் மகளின் சிரிப்பைக் கொடு."

அந்துவன் தயங்கினான். அழுகைகூட வந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால், புயல் இன்னும் மூடாத கொற்றனின் புதுக் காலடித்தடம் கிடந்தது. அதைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்துக்கொள் என்றான்.

தடம் ஒரு குகை வாசலில் முடிந்தது. அணங்கு மூன்றாம் முறையாக வந்து, தொங்கிய பனிக்கூர் ஒன்றை ஒடித்துக் கத்தியாக்கி நீட்டினாள்.

"இரும்பாக வெட்டும். உனக்காகக் காத்திருப்பவளின் பெயரையும் முகத்தையும் கொடு."

இந்தத் தரம் அவன் தயங்கவே இல்லை. தயங்குவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால்தானே!

குகைக்குள் கொற்றன் தீச்சட்டியை மார்போடு அணைத்துக் கிடந்தான். கால்கள் பனியில் கறுத்துப்போயிருந்தன. சட்டியில் மூன்றே மூன்று கங்கு.

"வந்துட்டியா அந்துவா" என்றான், ஆவிதான் வந்து நிற்கிறது என்று நினைத்து. "நான்தான் அறுத்தேன். பயந்துட்டேன். வெட்டிக்கோ, நான் வேணாம்னு சொல்லல. ஆனா சேதி சொல்லாமப் போறேனேன்னுதான் இருக்கு. நல்லினி வாசல்லயே நிப்பாளே."

ஓங்கிய கை நின்றது.

"யாரு நல்லினி?"

கொற்றன் அவனை உற்றுப் பார்த்தான். "யாருன்னா கேக்குற? உன் பொண்டாட்டிடா! இடது புருவத்துல தழும்பு, சின்ன வயசுல பலாமரத்துலேர்ந்து விழுந்தான்னு நீதானே சொன்ன?"

அந்துவனுக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது.

"இன்னும் சொல்லு."

"சிறுமணிக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சு. சிரிச்சா காத்து போற சத்தம் வரும்."

"இன்னும் சொல்லு."

"மழ வந்தா காயப்போட்ட மிளகு நனைஞ்சு, முற்றமே மணக்கும்ன. மூணு பேரும் ஓடி ஓடி அள்ளுவீங்களாம்."

அந்துவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தான் விலையாகக் கொடுத்த வீடு உலகத்தில் இப்போது ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது, இந்த ஆளுக்குள்ளே. இவனைக் குத்தினால் அதுவும் போய்விடும். அந்த எண்ணம் வந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அவனைப் போட்டு உலுக்கியது.

கத்தியை வீசி எறிந்தான். அந்த நொடியே நெஞ்சில் எரிந்த நெருப்பு அணைந்தது. பற்கள் கிடுகிடுக்கக் கொற்றன் பக்கத்தில் சாய்ந்தான். இரண்டு பேருமாக அந்த மூன்று கங்கின்மேல் கைகளை விரித்துக்கொண்டார்கள்.

குகை வாசலில் அணங்கு நின்றாள்.

"என்னோடதத் திருப்பிக் குடு, தாயே" என்றான் அந்துவன்.

அவள் மார்பை இறுக்கிக்கொண்டாள். "மாட்டேன். எத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கொரு வீடு கிடைத்திருக்கிறது!"

கோபக்காரனான அந்துவனுக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. "சரி, வச்சுக்கோ. பத்திரமா வச்சுக்கோ" என்றான். அவள் போனதும் புயலும் அடங்கியது.

அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, கொற்றனை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்துவன் நடந்தான். முதுகிலிருந்தபடியே கொற்றன் வீடு சொல்லிக்கொண்டு வந்தான்.

ஊர் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடது புருவத்தில் தழும்பு.

"இவங்கதானா?" என்று அந்துவன் மெதுவாகக் கேட்டான். கொற்றன் தலையாட்டினான். ஒரு சிறுமி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். காற்றுப் போகிற சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை, பல் முளைத்துவிட்டது.

நடந்ததையெல்லாம் கேட்ட நல்லினி கொற்றனுக்கு இலை போட்டாள். "கயித்த அறுத்தவன் நீ. மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. ஆனா சாப்புடு. சாப்ட்டுட்டு அவருக்குச் சொல்லு" என்றாள்.

அதிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கொற்றன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்துவனுக்கு வீடு சொல்லுவான். மனைவி பக்கத்தில் இருப்பாள், மகள் மடியில் இருப்பாள், நனைந்த முற்றம் மணக்கும். அந்துவன் வைத்த கண் வாங்காமல் கேட்பான். தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, தான் கொடுத்துவிட்ட அந்த வீட்டுக்காக ஏங்குவான்.

ஆகையால், கேட்டீர்களே, இதை மட்டும் மனத்தில் வையுங்கள்: பழிதீர்க்கக் கிளம்புகிறவன் எதிரியைத் தொடுவதற்கு முன்பே தனக்குப் பிரியமானதையெல்லாம் இழந்துவிடுகிறான்.