புல்தரையின் பிய்ந்த ஓரம்

“நான் சொன்னதுல ஏதாச்சும் தப்பு இருக்கா அம்மை? நீங்களே சொல்லுங்க.”

கேட்டவர் ஆவுடையப்பன். வரைபட அலுவலகத்தில் கோடு கிழித்தே ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் சொந்த வீடு, வீட்டின் முன்னால் சின்னதாக ஒரு புல்தரை.

அம்மை என்பது அவருடைய குரு இசக்கியம்மை. ஊரில் ஞானம் தேடி அவரிடம் போகிறவர்களும் உண்டு, காபிக்காகப் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான். சீடர் பத்து வயது மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

அன்று அம்மையே தேடி வந்திருந்தார்.

“கோமதி எங்க, அண்ணாச்சி?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இனி வரவே மாட்டாளாம்.”

“அப்படி என்ன சொன்னீங்க?”

“கல்யாண வீட்டுல பொம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருந்தா. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல, அருவிக்குப் போயிட்டு வரும்போது மழை பிடிச்சுக்கிட்டாம். நான் வாழை இலையை அறுத்து அவ தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே வந்தேனாம்.”

“நல்லாத்தானே சொல்லியிருக்கா.”

“அது வாழை இலை இல்ல, அம்மை. சேம்பிலை. அதைத்தான் சொன்னேன்.”

“அத்தனை பேருக்கு முன்னாலயா?”

“உண்மையை எங்க சொன்னா என்ன?”

அம்மைக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மனுஷர் நல்லவர். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவர். அவள் வாயைத் திறந்தால் மட்டும் திருத்தாமல் இருக்க முடியாது.

ஆவுடையப்பன் விட்ட வேலையைத் தொடர்ந்தார். அவர் கையில் இருந்தது புல்லின் ஓரம் வெட்டுகிற கருவி. நீளக் காம்பு, அடியில் அரைவட்டத் தகடு. தகட்டின் மேல் காலை வைத்து அழுத்தினால் புல் வேரோடு அறுபடும். கயிறு கட்டி, அந்தக் கயிற்றை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனார்.

“கயிறு ஏன் இவ்வளவு உள்ள தள்ளி நிக்கு?”

“இந்த இடம் பிஞ்சு போச்சு, பாருங்க. போகும்போது பெட்டியை இழுத்துக்கிட்டுப் போனால்லா, சக்கரம் ஏறிட்டு. ஓரம் முழுக்க இந்த அளவுக்கு உள்ள வெட்டினாத்தான் நேரா வரும்.”

“இதுக்கு முந்தி?”

“வேற ஒரு இடம் பிஞ்சிருந்துச்சு. அப்பவும் இப்படித்தான் வெட்டி நேராக்கினேன்.”

“ஆதியில புல் எதுவரைக்கும் இருந்துச்சு, அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் நடைபாதைக் கல்லைக் காட்டினார். கல்லுக்கும் புல்லுக்கும் நடுவில் இப்போது வெறும் மண்தான் கிடந்தது. ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

காட்டிய கையை அவர் உடனே இறக்கவில்லை.

“அதை இங்க கொடுங்க.”

அம்மை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிய்ந்த இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் தகட்டை இறக்கினார். அடியில் கையைக் கொடுத்து, அந்தப் புல் துண்டை மண்ணோடு பெயர்த்தெடுத்தார். பிய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி, அதே குழியில் வைத்தார்.

இப்போது வெளி ஓரம் நேராக நின்றது. பள்ளம் புல்லுக்கு நடுவில் இருந்தது. அதில் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டினார்.

“பள்ளம் இன்னும் போகலையே, அம்மை.”

“போகல. உள்ள இருக்கு.”

“எனக்குத் தெரியுதே.”

“உங்களுக்குத் தெரியும். ரோட்டுல போறவனுக்குத் தெரியாது. நாலு சாரல் விழட்டும், உங்களுக்கும் தெரியாது.”

குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அம்மை கிளம்பிவிட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. போட்டுக் கொடுக்கத்தான் வீட்டில் ஆள் இல்லையே.

ஆவுடையப்பன் கயிற்றை அவிழ்த்தார். சுருட்டக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். வீடு வெறிச்சென்று கிடந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பிறகு போனை எடுத்தார்.

“கோமதி.”

 அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல. நீ வீட்டுக்கு வா, கோமதி.”

“வந்தா?”

“வந்தாப் போதும்.”

 மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சரி. நாலரை மணி பஸ்ஸுல வந்து இறங்குதேன்.”

நாலரைக்கு அந்த வழியில் பஸ்ஸே கிடையாது. ஐந்தேகாலுக்குத்தான் உண்டு. ஆவுடையப்பனுக்கு அது கண்டக்டரைவிட நன்றாகத் தெரியும். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

“ஸ்டாப்புல நிக்கேன்” என்றார்.

நாலேகாலுக்கே போய் நின்றுகொண்டார்.