குழம்பனூர் மண்டபத்துக்குக் கேமரா வந்த கதை

குழம்பனூர்க்காரர்களிடம் எந்த வேலையைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அந்த ஊரின் கஷ்டமே அதுதான்.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாத்திரங்கள் களவு போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் சாம்பார் அண்டாவும் போய், ஒரு கல்யாணத்தில் சம்பந்திகள் பாயசத்துக்கு முன்பே கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இன்னொரு பாத்திரம் போனால் பதவியும் போய்விடும் என்று மண்டபத் தலைவர் தெய்வசிகாமணி பயந்துபோனார். டவுனிலிருந்து கேமராக்காரரை வரவழைத்தார்.

"ரெண்டு வகை இருக்கு சார். குளோஸ்டு சிஸ்டம்னா ஒரே கம்பெனி கேமரா, அதே கம்பெனி சாஃப்ட்வேர். வேற எதையும் சேர்த்துக்காது. ஓப்பன் சிஸ்டம்னா எந்தக் கம்பெனி கேமராவும் சேரும்."

தெய்வசிகாமணி கமிட்டியைக் கூட்டினார்.

"ஓப்பன்னா திறந்து கிடக்குறது. திருடனை நாமளே வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி," என்றார் பொருளாளர் சோலையப்பன்.

"மூடினதையே வைங்க," என்றார் சமையலறைப் பொறுப்பாளர் குப்பமுத்து.

குளோஸ்டு சிஸ்டம் வந்தது. கேமராக்காரர் பஸ் ஏறியதும் தெய்வசிகாமணி அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டார். "மூடினதுன்னு சொல்லிட்டுத் திறந்து வெச்சுட்டுப் போயிட்டாரே!"

குப்பமுத்து ஏணியில் ஏறி ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக் கட்டினார். கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்த மண்டபத்து டிவி இருண்டது.

"ஒண்ணுமே தெரியலையே?" என்றார் தெய்வசிகாமணி.

"திருடன் வரலை. அப்புறம் என்ன தெரியும்?" என்றார் குப்பமுத்து.

மறுநாள் பட்டப்பகலில் இட்லிக் கொப்பரை போயிற்று.

கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வந்து ஓப்பன் சிஸ்டத்துக்கு மாற்றினார். "இனிமே எந்தக் கேமராவை வேணும்னாலும் சேர்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே மண்டபத்தின் வாசல், ஜன்னல், பாத்திர அறை எல்லாவற்றையும் ஓப்பன் செய்தார்கள். சோலையப்பன் தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பிலிம் கேமராவைக் கொண்டுவந்து புதுக் கேமராவோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். குப்பமுத்து தண்ணீர் பீய்ச்சும் பொம்மைக் கேமராவைக் கட்டினார்.

"சேருதா?" என்றார் தெய்வசிகாமணி.

"இன்னும் இல்லை. புது இடம், கூச்சமா இருக்கும். பழகட்டும்," என்றார் குப்பமுத்து.

சாயங்காலம் பதிவைப் போட்டுப் பார்த்தால், மஞ்சள் துண்டு போட்ட ஒரு ஆள் வாசல் வழியே நிமிர்ந்து வந்து பெரிய குண்டானைத் தூக்கிப் போகிறான். மூக்கோரத்து மச்சம்கூடப் பளிச்சென்று தெரிந்தது. தெய்வசிகாமணி படத்தை அப்படியே நிறுத்தினார்.

"மாட்டினான்! டிவியோட ஸ்டேஷனுக்குத் தூக்குங்க!"

அந்தப் பழைய டப்பா டிவியைக் கயிற்றால் கட்டி, பிளக்கைப் பிடுங்கினார்கள். முகம் மறைந்தது.

"உள்ள பதுங்குறான்! கயித்தை இறுக்கு!"

பாதி வழியில் கனம் தாங்காமல் மூவரும் மூச்சு வாங்கி நின்றார்கள். மஞ்சள் துண்டும் மூக்கோரத்து மச்சமுமாக ஒருவர் எதிரே வந்தார்.

"கொடுங்கண்ணே, நான் தூக்கிட்டு வர்றேன்."

தெய்வசிகாமணிக்குப் பதறிவிட்டது. "தம்பி, உள்ள இருக்கிற திருடன் உங்களை மாதிரியே இருக்கான். போலீஸ் தப்பா நினைச்சுக்கப் போறாங்க, ஜாக்கிரதை."

"நல்லவேளை சொன்னீங்கண்ணே," என்று அவர் டிவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். திருப்பத்துக்கு அப்புறம் ஆளையே காணோம்.

ஸ்டேஷனில் தெய்வசிகாமணி அழுதேவிட்டார். "ஐயா, டிவிக்குள்ள கட்டி வெச்சிருந்த திருடன், தூக்கிட்டு வந்த நல்ல மனுஷனைக் கடத்திட்டுப் போயிட்டான்!"

"அடையாளம் சொல்லுய்யா," என்றார் ஏட்டு.

"ரெண்டு பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி. டிவிக்குள்ள இருக்கிறவன்தான் திருடன், வெளியில இருக்கிறவர் நல்லவர். மாத்திப் பிடிச்சுடாதீங்க!"