பெயர் மாற்றப்பட்டுள்ளது

சேந்தனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் செய்தி ஆசிரியர் வடிவாம்பாள். அவன் அவரைக் குரு என்பான். "குருவும் வேண்டாம் கிருவும் வேண்டாம், எழுதினதைக் காட்டு" என்பார் அவர். எனக்குப் பக்கத்து மேசை. என் வேலையைப் பார்த்தாலும் காது அங்கேதான் இருக்கும்.

அன்று அவன் காட்டியது ஞாயிறு மலருக்கான கட்டுரை. அரசு மருத்துவமனையில் திருநர்களுக்கென்று ஒரு சிகிச்சைப் பிரிவு. அங்கே அம்மாவோடு வந்துபோகும் பதினாறு வயதுத் திருநங்கை. கட்டுரையில் அவள் பெயர் யாழினி. தெருவில் ஒருத்தருக்குத் தெரிந்தாலும் அன்றோடு ஆஸ்பத்திரி கிடையாது என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அதையும் எழுதியிருந்தான்.

"நல்லா வந்திருக்கு. பிள்ளை யாருன்னு தெரியாதுல்ல?"

"எப்படித் தெரியும் மேடம்? போட்டோல முகத்தை மறைச்சாச்சு. பேருக்குப் பக்கத்துல 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு போட்டிருக்கேன்."

"ஊர் பேர் இருக்கு. அப்பா பஸ் ஸ்டாண்டுல வாட்ச் கடைன்னு இருக்கு. மாவட்டச் செஸ் போட்டியில ஜெயிச்ச பிள்ளைன்னு வேற இருக்கு."

"அதுதானே மேடம் படிக்கிறவங்களைத் தொடும்? இப்படி ஒரு பிரிவு இருக்கிறதே யாருக்கும் தெரியாது. எத்தனை பிள்ளைங்க தவிச்சுக்கிட்டு இருக்கும்!"

வடிவாம்பாள் ஒரு தாளை இழுத்து ஏதோ கிறுக்கினார். பிறகு எழுந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"முகிலன், பெயர் மாற்றப்பட்டுள்ளது. சோழவந்தானைச் சேர்ந்தவர். நாளிதழ் ஒன்றின் உதவி ஆசிரியர். பச்சை ஹெல்மெட்டோடு வருவார். சர்க்கரை இல்லாத டீ கேட்பார். மூல நோய்க்காக வெள்ளிக்கிழமைதோறும் சிகிச்சை பெறுகிறார்."

முகிலன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை தலையும் சேந்தன் பக்கம் திரும்பியது.

"ஐயோ பாவம், சொல்லவே இல்லையேப்பா! குஷன் கொண்டுவரவா?" என்றார் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் டேனியல்.

சேந்தனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மேடம், எனக்கு மூலமே கிடையாது! இது பச்சைப் பொய்!"

"பொய்தான். அதுக்கே உனக்கு இப்படி வேர்க்குது. அவளோடது நிஜம்."

சேந்தன் உட்கார்ந்தான். பேனாவை எடுத்து முதலில் ஊரை அடித்தான். பிறகு கடையை. செஸ் போட்டிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பத்தியை அவன் எவ்வளவு ஆசையாக எழுதினான் என்று எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

"இதையும் எடுத்துட்டா கட்டுரையில என்னதான் மேடம் மிஞ்சும்?"

வடிவாம்பாள் அடுத்த பக்கத்தைத் திருத்த ஆரம்பித்திருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"கட்டுரையில என்ன மிஞ்சுமோ தெரியாது. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில அவ இருப்பா."