திட்டு வாங்க ஓர் ஆள்

கழுதைப்புலி பூமாலை இரண்டு முன்கால்களாலும் மண்ணை வாரிக் கடமானின் கண்ணில் எறிந்தது.

கடமான் தலையைச் சிலுப்பிக்கொண்டு நாலடி பின்வாங்கியது. பூமாலை விடவில்லை. பின்பக்கமாக ஓடிப்போய் அதன் வாலைக் கவ்வி இழுத்தது. குளக்கரை நெடுக உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது.

“அடப்பாவி, வாலையா கடிக்கிறே! உன்னைப் பெத்தவளுக்கு வேற வேலை இல்லையா?” என்று கத்தியது காட்டுப்பன்றி பொன்னாத்தாள்.

“வேலை இல்லையா?” என்றன அதன் ஏழு குட்டிகளும் ஒரே குரலில்.

பூமாலை திரும்பிப் பொன்னாத்தாளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அந்த நேரம் பார்த்துக் கடமான் கொம்பைத் தாழ்த்தி முட்டியது. பூமாலை மேலே எழும்பி, காற்றில் ஒருமுறை புரண்டு, தொம்மென்று முதுகு பட விழுந்தது. மரங்கொத்தி கட்டையில் மூன்று முறை கொத்தியது. பூமாலை எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

வற்றிய குளத்தின் நடுவில் வட்டமாக மண்ணைக் கொத்திப் போட்டு அந்தக் கோதாவை நடத்திவந்தது கோமளம் என்ற முயல். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அங்கே குஸ்தி நடக்கும். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதைக் கோமளம் காலையிலேயே சொல்லிவிடும். கூட்டத்துக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வந்தது. மின்னல் என்ற கடமான் ஜெயிக்க வேண்டும். பூமாலை என்ற கழுதைப்புலி அழும்பு செய்து தோற்க வேண்டும். கோதாவில் பூமாலைக்கு எலும்புமுறி என்று பெயர். ஆட்டத்துக்கு முன்னால் அது மட்டும் தனியாகக் கோதாவைச் சுற்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கும். அந்தத் திமிர் நடைக்கே பாதி ஊளை கிடைத்துவிடும்.

குளம் எருமைகளுடையது. எருமைத் தலைவி கரியாத்தா முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தது: “கரை நிறைய ஆள் இருக்கிறவரைக்கும் குளம் உனக்கு. ஆள் குறைஞ்சா வாய்க்காலை வெட்டித் தண்ணியை விட்டுருவோம். எங்களுக்குச் சேறு வேணும்.”

கோமளத்துக்கு அந்தப் பயமே இல்லை. அதற்குத் தன் காதுகளின் மேல் அவ்வளவு நம்பிக்கை. “ரசிகர்களுக்கு என்ன பிடிக்கும்னு என் காதைக் கேட்டாத் தெரியும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

அன்று கூட்டம் கலைந்த பிறகும் கோமளத்தின் காதில் ஊளை ஒலித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு வாரம் அது கூடிக்கொண்டே போகிறது. இன்று யாரோ அழுகிய விளாம்பழத்தைக்கூட எறிந்திருந்தார்கள். இத்தனை பேர் வெறுக்கிற ஒருவனை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடத்துவது என்று யோசித்தது கோமளம்.

பூமாலை பாறையில் கழுத்தைத் தேய்த்து விளாம்பழச் சதையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்” என்றது கோமளம்.

“நான் ஏதும் தப்பா விழுந்துட்டேனாங்க?”

“விழுந்ததைச் சொல்லலை. உன்னைக் கண்டாலே கூட்டத்துக்கு ஆகலை. அவங்க கத்துறது காதுல விழலையா உனக்கு?”

“விழுந்துதுங்க. இன்னைக்கு நல்லாவே விழுந்தது.”

பூமாலையின் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. கோமளம் அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டது.

“வெட்கமே இல்லையா உனக்கு? எனக்கு என் ரசிகர்கள்தான் முக்கியம். கிளம்பு.”

பூமாலை கழுத்தில் மிச்சமிருந்த சதையையும் துடைத்துக்கொண்டது. பிறகு, “சரிங்க. போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தக் கோதா மண்ணுல...” என்று ஆரம்பித்தது.

“மண்ணை வாரி அடுத்தவன் கண்ணுல போடுறவன் எனக்கு மண்ணைப் பத்திப் பாடம் எடுக்க வேண்டாம்” என்றது கோமளம்.

பூமாலை போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மின்னலுக்கு எதிராகக் கேளையாடு ஒன்று இறங்கியது. காட்டிலேயே நல்ல பெயர் எடுத்த ஆடு. இரண்டும் எதிரெதிரே நின்று வணங்கிக்கொண்டன.

“நீங்க முட்டுங்க” என்றது மின்னல்.

“நீங்க பெரியவங்க. நீங்க முதல்ல முட்டுங்க” என்றது கேளையாடு.

“விருந்தாளி நீங்க இருக்கும்போது நான் எப்படி?”

கடைசியில் இரண்டும் நெற்றியோடு நெற்றியை மெல்ல ஒட்டிவைத்துக்கொண்டு நின்றன. எப்போது கொத்துவது என்று தெரியாமல் மரங்கொத்தி விழித்தது. வெகுநேரத்துக்குப் பிறகு கேளையாடு தானாகப் படுத்துக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. ஊளை இல்லை. பழம் எதுவும் பறக்கவில்லை.

கோமளத்தின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. “பார்த்தியா, எவ்வளவு மரியாதையான கூட்டம்” என்றது மரங்கொத்தியிடம்.

“மரியாதை இருக்கு. துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்றது மரங்கொத்தி.

அதற்கடுத்த வாரம் கிழக்குக் கரை காலியாகக் கிடந்தது. ஆட்டத்தின் நடுவில் மின்னல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குளம்பின் பிளவில் நெருஞ்சி முள். அதை எடுத்துவிட்டு இறங்கினால் பின்காலில் இன்னொன்று. நொண்டிக்கொண்டே ஜெயித்தது.

“ஒரு வருஷமா இங்கே ஆடுறேன். ஒரு முள்ளு தைச்சதில்லையே” என்றது மின்னல்.

“காத்துல வந்திருக்கும்” என்றது கோமளம்.

மூன்றாம் வாரம் கரையில் ஒரு கௌதாரிக் குடும்பமும் ஓர் ஆமையும் இரண்டு உடும்புகளும் இருந்தன. உடும்புகள் தூங்கிக்கொண்டிருந்தன. பொன்னாத்தாள்கூட வரவில்லை. கரியாத்தா வாய்க்கால் மடையருகே வந்து நின்றது.

“என்ன கோமளம், இவ்வளவுதானா?”

“ரசிகர்களுக்குப் பிடிச்ச மாதிரிதான் நடத்துறேன் ஆத்தா. ஒரு ஊளைச் சத்தம் கிடையாது.”

“ஊளையும் இல்லை, ஊளை விடுற ஆளும் இல்லை. வர்ற வெள்ளிக்கிழமை கரை நிறையலைன்னா சனிக்கிழமை வாய்க்காலை வெட்டிருவோம். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

கரியாத்தா ஒன்று சொன்னால் சொன்னதுதான். கோமளம் நேராகப் பொன்னாத்தாளைத் தேடி ஓடியது. பன்றி மூங்கில் புதரடியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

“என்ன பொன்னாத்தா, ஆளையே காணோம்?”

“வந்து என்ன பண்ண? ரெண்டு பேரு நெத்தியை ஒட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாக்கவா?”

“நீதானே வாராவாரம் அந்தக் கழுதைப்புலியைக் கரிச்சுக் கொட்டினே. உனக்காகத்தான் அவனை அனுப்பினேன்.”

பொன்னாத்தாள் மண் படிந்த மூஞ்சியை நிமிர்த்தியது. “எனக்காகவா? நான் வர்றதே அவனைத் திட்டத்தானே.”

கோமளத்துக்குப் புரியவில்லை.

“புலி வந்தா நான் ஒதுங்கணும். யானை வந்தா ஒதுங்கணும். செந்நாய் குரல் கேட்டாலே ஏழு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டுப் புதருக்குள்ள ஓடணும். ஒரு வார்த்தை பேச முடியுதா யாரையாவது? வாரத்துல ஒரு நாள் அந்தக் கரையில உட்கார்ந்து ஒருத்தனைத் திட்டுறேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுறான். நான் பயப்படாம இன்னும் ரெண்டு திட்டுறேன். கடைசியில அவன் விழுறான். அந்தத் தெம்புலதான் மத்த ஆறு நாளும் ஓடுது.”

“அப்போ அவன் மேல உனக்குக் கோபமே இல்லையா?”

“கோபமா? அவனை மாதிரி விழுறதுக்கு இந்தக் காட்டுல ஆள் உண்டா? நாலு புதுத் திட்டு யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் வாயிலேயே இருக்கு. போ, வேலையைக் கெடுக்காதே.”

பொன்னாத்தாள் மறுபடி தோண்ட ஆரம்பித்தது.

பூமாலை தங்கும் மலையடிவாரப் பாறைகளுக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போதே கோமளத்தின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. தொம். சற்றுப் பொறுத்து மறுபடி, தொம். பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பூமாலை தன்னந்தனியாக மேலே எழும்பி, புரண்டு, முதுகு பட விழுந்துகொண்டிருந்தது.

“முட்டுறதுக்கே ஆள் இல்லை. யாருக்காக விழுறே?”

பூமாலை உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. “ரெண்டு வாரம் விழாம இருந்தா முதுகு மறந்துருமுங்க.”

கோமளம் சுற்றி வளைக்கவில்லை. “தப்பு என் மேலதான். இவ்வளவு பெரிய காதை வச்சுக்கிட்டு சத்தத்தைக் கேட்டேன், சங்கதியைக் கேக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை நீ வரலைன்னா கோதா சேறாயிரும். வருவியா?”

“வர்றேனுங்க. ஆனா, மின்னல் இறங்குறதுக்கு முன்னாடி நான் தனியா ஒரு சுத்து நடக்கணும். முன்னே மாதிரி.”

“அந்தத் திமிர் நடைதானே? தாராளமா ரெண்டு சுத்து நட.”

“ஒண்ணு போதும்ங்க. அவசரப்படுத்தாம இருந்தாச் சரி.”

அணில்கள் மரத்துக்கு மரம் தாவிச் செய்தி சொல்லின. எலும்புமுறி வருகிறான். வாலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை உச்சிவெயில் இறங்குவதற்குள் நாலு கரையும் நிறைந்துவிட்டது. இடம் கிடைக்காத குரங்குகள் மருத மரத்தில் கிளைக்கு ஐந்தாகத் தொங்கின. வாய்க்காலை வெட்டத் தயாராக வந்திருந்த எருமைகள், வந்ததுதான் வந்தோம் என்று மடையருகே படுத்துக்கொண்டன.

பூமாலை கோதாவில் காலை வைத்தது. எழுந்த ஊளையில் மரங்கொத்தி கட்டையிலிருந்து சறுக்கியது.

“வந்துட்டான் பாரு, வாலுக்குப் பொறந்தவன்!” என்று கத்தியது கரியாத்தா. கத்திவிட்டு, தன் குரல்தானா அது என்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது.

கோமளம் காதுகளை முதுகோடு மடக்கிக்கொண்டது. கண்களை அகல விரித்துக் கரைகளைப் பார்த்தது. கிழக்கே இடமில்லை. மேற்கேயும் இல்லை. போன மாதம் பூமாலையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒரு முள்ளம்பன்றி முன்வரிசையில் இருந்தது. எல்லாக் கண்களும் ஒரே இடத்தில்தான் நிலைத்திருந்தன.

“ஏன்டா, உன்னைச் செய்யும்போது மிச்சம் மீதியைப் போட்டா செஞ்சாங்க? முன்னாடி உசரம், பின்னாடி பள்ளம்!” இது பொன்னாத்தாள் சேர்த்து வைத்திருந்த நாலில் முதலாவது. ஏழு குட்டிகளும் “பின்னாடி பள்ளம்!” என்றன.

பூமாலை அந்தப் பக்கம் திரும்பி உறுமியது. பொன்னாத்தாள் ஓரடி முன்னால் வந்து நின்றுகொண்டது.

பூமாலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊளைக்கு நடுவே மெதுவாகச் சுற்றி நடந்தது. மின்னல் இறங்கப்போகும் ஓரத்துக்கு வந்ததும் குனிந்தது. மண்ணில் கிடந்த ஒரு நெருஞ்சி முள்ளைப் பல் நுனியால் எடுத்துக் கோதாவுக்கு வெளியே துப்பியது. அது துப்பியதைக் கண்டு கூட்டம் இன்னும் உரக்க ஊளையிட்டது. பூமாலை இரண்டடி தள்ளிப் போய், மறுபடி குனிந்து, இன்னொன்றையும் எடுத்தது.

கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று அறிய விரும்புகிறவர், அது போடும் சத்தத்தைக் காதால் கேட்டதோடு நிற்காமல், அடுத்த வாரமும் அது யாரைப் பார்க்க வந்து உட்காருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.