விலகியாச்சா?

ஆறுச்சாமி சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

வேலாங்கரட்டுக் கோயிலுக்குப் போகும் மலைப்பாதையில் காற்றுக்கு மரங்கள் விழுந்துகொண்டே இருக்கும். அவற்றை அறுத்து ஒதுக்குவது தொண்டர்கள் வேலை. சம்பளம் கிடையாது, புண்ணியம் மட்டும்தான். ஆனால் மரம் அறுக்கும் மெஷினைத் தொட வேண்டுமென்றால் சகாயமேரியிடம் பயிற்சி எடுத்து, பரீட்சையில் தேறி, அந்த அட்டையை வாங்கியாக வேண்டும். வயதில் அவர் ஆறுச்சாமிக்குத் தங்கை மாதிரி. இருந்தாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

மாஸ்டர் ஷெட்டில் உட்கார்ந்து மெஷின் சங்கிலியின் பற்களுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய அட்டையைப் பார்த்தார். வாங்கவில்லை.

"இது எனக்கு வேண்டாமுங்க மாஸ்டர்."

"சரிங்ணா. அங்க வைங்க."

ஆறுச்சாமி வைத்தார். ஆனால் போகவில்லை.

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்க."

"அன்னிக்கு நாச்சிமுத்து எனக்குப் பதில் சொன்னானுங்களா?"

நாச்சிமுத்து, ஆறுச்சாமியின் மனைவிக்குத் தம்பி. சித்திரைக் காற்றில் விழுந்த மரமொன்றை அறுக்க இருவரும் சேர்ந்துதான் மலைக்குப் போனார்கள். அறுபட்ட துண்டு சரிவில் உருண்டது. கீழே கிளை கழித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து அங்கேயே முடிந்துபோனான்.

மரத்தில் மெஷினை வைக்கும் முன் அறுப்பவர் "விலகியாச்சா?" என்று கத்த வேண்டும். கூட வந்தவர் ஆபத்தில்லாத இடத்துக்குப் போய் நின்று "விலகியாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராமல் அறுக்கக் கூடாது. பயிற்சியின் முதல் நாளே மாஸ்டர் சொல்லித் தருவது இதைத்தான். ஆறுச்சாமி ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை.

"நான் கேட்டேனுங்க. பதில் வந்துச்சு. வந்த பொறவுதான் அறுத்தேன்."

"ம்."

"வூட்ல தெனமும் கேக்கறா. என் தம்பி வெலகிட்டேன்னு சொன்னானான்னு. சொன்னான்னா நம்ப மாட்டேங்கறா. சொல்லிப்போட்டு அவன் எதுக்கு அங்கயே நிக்கறான்கறா. சோறு போடறா, மூஞ்சியப் பாக்கறதில்லீங்க."

மாஸ்டர் அரத்தைக் கீழே வைத்தார். மெஷினையும் காதுமூடி வைத்த ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டார்.

"வாங்க, போலாம்."

மலை ஏறினார்கள். அந்த இடம் வந்ததும் ஆறுச்சாமியின் கால் நின்றுவிட்டது. பாதி அறுத்த மரம் அப்படியே கிடந்தது. எதிரே பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பெரிய மொட்டைப் பாறை.

"ஹெல்மெட்டைப் போடுங்க. காதை நல்லா மூடுங்க."

"எதுக்குங்க?"

"மெஷினை ஓட விட்டுட்டுக் கூப்பிடுங்க. அறுக்க வேண்டாம். அன்னிக்கு மாதிரியே கூப்பிடுங்க."

"என்னால ஆகாதுங்க மாஸ்டர்."

"நீங்கதான கேட்டீங்க."

ஆறுச்சாமி மெஷினை ஓடவிட்டார். சரிவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"விலகியாச்சா?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே, மூடிய காதைத் தாண்டி, கீழேயிருந்து வந்தது.

"...யாச்சு."

ஆறுச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மெஷினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இதேதானுங்க! இப்படியேதான் சொன்னான்! மாஸ்டர், மேல வாங்க!"

சரிவில் யாரும் இல்லை. திரும்பினார். மாஸ்டர் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நான் கீழ போகலைங்ணா. வாயையும் தொறக்கலை."

ஆறுச்சாமிக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு, மெஷின் இல்லாமல், காதை மூடாமல், இன்னொரு முறை கூப்பிட்டார். பாறை தெளிவாகத் திருப்பிக் கொடுத்தது.

"...யாச்சா?"

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அவர் மரத்தின் மேல் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாஸ்டர் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது?

"அப்ப அவன் சொல்லவே இல்லீங்களா?"

"தெரியாதுங்ணா. சொல்லியும் இருக்கலாம். ரெண்டும் சேந்து வந்திருக்கலாம்."

"எப்பத்தான் தெரியுமுங்க?"

"இனி தெரியாது."

ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"காரியம் முடிஞ்ச மறுநாள் வந்து கூப்பிட்டுப் பாத்தேன்."

"ஏனுங்க சொல்லலை?"

"நீங்க கேக்கலை." மாஸ்டர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் தைரியம் வரலை."

"மத்தவங்களுக்குச் சொன்னீங்களா?"

"பாடத்தை மாத்திட்டேன். பதில் சொல்றவங்க, அறுக்கறவர் பேரையும் சேத்துச் சொல்லணும். விலகியாச்சு ஆறுச்சாமின்னு. பாறைக்கு உங்க பேர் தெரியாது."

"அத அன்னிக்கே சொல்லிக் குடுத்திருந்தா?"

மாஸ்டர் குனிந்து மெஷினை எடுத்துக்கொண்டார்.

இறங்கினார்கள். அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஆறுச்சாமி நின்றார். ஒரு பக்கம் ஷெட். இன்னொரு பக்கம் அவர் வீடு. அடுப்புப் புகை தெரிந்தது.

"இன்னிக்கும் கேப்பா. நான் என்னன்னு சொல்லட்டுமுங்க மாஸ்டர்?"

மாஸ்டர் மெஷினைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லுங்ணா. அவன் சொன்னான்னு சொல்லாதீங்க."